வெம்மையும் தண்மையும் தாங்கும் பிளாஸ்டிக்குகள்

மக்கள் தம் கைக்கு அகப்பட்ட பொருளைக் கொண்டே தம் வாழ்வை அமைத்துக் கொள்கின்றனர். ஆதலின் சரித்திர ஆசிரியர்கள் மனித குலத்தின் பழமையைக் கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் எனப் பகுத்து வழங்குவர். அம்முறை பற்றி, நாம் வாழும் இக்காலத்திற்கும் ஒரு பெயரிடப் புகுவோமாயின், பிளாஸ்டிக் காலம் என்று கூறுதல் மிகையாகாது. தண்ணீர்க் குடம், தலைவாரும் சீப்பு, எழுதுகோல், மின்சாரக் கம்பியின் மேலுறை ஆகிய எல்லாவற்றிலும் அதனையே காண்கிறோம். எனினும், எங்கும் நிறைந்த அப்பொருளிடத்து நமக்குள்ள மதிப்பு மிகவும் சிறிது. வெயிலில் கிடந்த வாளி ஒரு நாள் விரிசல் காண்கிறது. கொதிக்கும் ரசத்தை ஊற்றிய கிண்ணம் நெளிந்து விடுகிறது. "பிளாஸ்டிக்தானே!" என்று இகழ்ந்து அதனை எறிந்து விடுகிறோம்.

ஆயினும், அவ்வாளியும் கிண்ணமும் பிறந்த அதே குலத்தில் தோன்றிய வேறு சில பிளாஸ்டிக்குகள் உள. ஆகாய விமானத்தின் எஞ்சினுக்கு அண்மையிலும், எண்ணெய்க் கிணறுகளின் ஆழத்திலும், ரண சிகிச்சைக் கருவிகளைச் சுத்தி செய்யும் நீராவிக் கலத்திலும், சூரிய ஒளி எட்டாத விண்வெளிக் குளிரிலும் அவை ஆண்டுக்கணக்காகத் தம் கடமையைச் செய்து வருகின்றன. பொறியாளர் அவற்றை யந்திரப் பிளாஸ்டிக்குகள் என்று பிரித்துக் கூறுவர். ஒரு குலத்தில் பிறந்தவற்றுள் ஒன்று ரசத்தின் சூட்டிற்கே தோற்பதும், மற்றொன்று 250 டிகிரியிலும் நிலைகுலையாது நிற்பதும் யாது காரணம் பற்றி? கடுங்குளிரில் ஒன்று கண்ணாடி போல நொறுங்க, மற்றொன்று துணி போல வளைவது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது வெறும் அறிவு விநோதம் அன்று. இவ்விடையைப் பொருட்படுத்தாமையால் மனித உயிர்கள் மாண்டதும் உண்டு. அதனையும் பின்னர்க் கூறுவோம். இங்குக் குறிக்கப்படும் டிகிரிகள் யாவும் சென்டிகிரேடு அளவையைச் சார்ந்தவை.

முதலாவது, பிளாஸ்டிக் என்பது யாது என்று அறிதல் வேண்டும். சர்க்கரை சிறு சிறு மூலக்கூறுகளால் ஆயது. பிளாஸ்டிக்கோ மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆயது. கரியணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்பதே அச்சங்கிலி. இவ்வுண்மையை ஜெர்மானிய ரசாயன அறிஞரான ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920ஆம் ஆண்டில் எடுத்துரைத்தபோது, அக்காலத்து அறிஞர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். அத்துணைப் பெரிய மூலக்கூறு இயற்கையில் இருத்தல் இயலாது என்பது அவர்தம் எண்ணம். நாளடைவில் சோதனைகள் ஸ்டாடிங்கரின் பக்கமே நின்றன. 1953ஆம் ஆண்டில் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

இடியாப்பத் தட்டு ஒன்றை மனத்திற் கொள்க. இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. எவ்விழை எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றது என்று சொல்லுதல் அரிது. பிளாஸ்டிக்கினுள் சங்கிலிகள் கிடக்கும் கிடையும் அத்தகையதே. இங்கு இருவகைப் பிணைப்புகளைக் காணலாம். ஒவ்வொரு சங்கிலியின் கண்ணிகளையும் தம்முள் இணைப்பது ஒன்று. அது மிக வலியது. ஒரு சங்கிலியை அடுத்த சங்கிலியோடு ஒட்டவைப்பது மற்றொன்று, அது மெலியது. உஷ்ணம் என்பது அணுக்களின் ஓயாத அசைவேயன்றி வேறன்று. உஷ்ணம் ஏற ஏற அசைவு மிகும். அசைவு மிகுந்தவிடத்து முதலிற் தோற்பது மெலிய பிணைப்பே. வலிய பிணைப்பு அறுமளவிற்குச் சூடேறுமாயின், அது உருகுதல் அன்று. பொருளே கெட்டுக் கருகிப்போதல்.

வெல்லப்பாகு காய்ச்சுவதைப் பார்த்தவர்க்கு இனிக் கூறப்போவது எளிதில் விளங்கும். அடுப்பின்மேல் உள்ள பாகு ஒழுகும். இறக்கிச் சற்று ஆறவிட்டால் இழுத்த இழுப்பிற்கு நீளும். நன்றாக ஆறிய பின்னர்த் தட்டினால் "படீர்" என்று உடையும். பொருள் ஒன்றே, உஷ்ண நிலைக்கேற்ப அதன் குணம் மூன்று. பிளாஸ்டிக்கின் நிலையும் இதுவே. குளிர்ந்த நிலையிற் சங்கிலிகள் தத்தம் இடத்தில் உறைந்து கிடக்கின்றன. இதனைக் கண்ணாடி நிலை என்பர். உஷ்ணம் ஓர் எல்லையைக் கடந்தவுடன் சங்கிலியின் துண்டுகள் புழுப்போல் நெளியத் தொடங்குகின்றன. அப்பொழுது பொருள் தோல் போலவோ ரப்பர் போலவோ ஆகின்றது. அதற்கும் மேலே, முழுச் சங்கிலிகளும் ஒன்றையொன்று வழுக்கிச் செல்ல, பொருள் ஒழுகுகின்றது. முதல் நிலையையும் இரண்டாம் நிலையையும் பிரிக்கும் வரம்பிற்குக் கண்ணாடி எல்லை என்று பெயரிட்டு வழங்குவோம்.

இவ்வெல்லை ஒவ்வொரு பிளாஸ்டிக்கிற்கும் வேறு வேறானது. விலை குறைந்த பாலிஸ்டைரீனுக்கு அது ஏறத்தாழ 100 டிகிரி, கண்ணாடிக்குப் பதிலாக வழங்கும் அக்ரிலிக்கிற்கு 105, பாலிகார்பனேட்டுக்கு 147. நாற்காலிகளும் டப்பாக்களும் செய்யப்படும் பாலிப்ரொப்பிலீனுக்கோ அது பூஜ்யத்தை ஒட்டியே உளது. ஆதலின், நம் ஊரில் உறுதியாக இருக்கும் ஒரு நாற்காலி, பனி உறையும் நாட்டில் ஓர் உதைக்குப் பிளந்துவிடக் கூடும். இயற்கை ரப்பரின் எல்லை பூஜ்யத்திற்குக் கீழ் 70 டிகிரி அளவில் உளது. பாலிதீனின் எல்லை அதற்கும் வெகு தூரம் கீழே.

இங்கு ஓர் ஐயம் எழலாம். நம் வீட்டுப் பாலிதீன் குடம் தன் கண்ணாடி எல்லைக்கு நூறு டிகிரிக்கும் மேற்பட்ட உயரத்தில் அன்றோ என்றும் இருக்கின்றது? அது ஏன் பசை போல் ஒழுகிவிடவில்லை? விடை யாதெனின், பாலிதீனின் சங்கிலிகள் முற்றும் தாறுமாறாகக் கிடப்பன அல்ல. சிற்சில இடங்களில் அவை படைவீரர் போல் அணிவகுத்து மடிந்து சிறு பளிங்குகளாக அமைகின்றன. நெளியும் பகுதிகளை இப்பளிங்குகள் ஆணியடித்தாற்போல் பிடித்து நிறுத்துகின்றன. பளிங்கு உருகினாலன்றிக் குடம் உருகாது. இவ்வாறு, பளிங்கு உள்ளவை என்றும், பளிங்கு இல்லாதவை என்றும் பிளாஸ்டிக்குகள் இரு பெரும் பிரிவினவாம்.

இவ்விரண்டின் வேறுபாட்டை இரண்டு யந்திரப் பிளாஸ்டிக்குகளை ஒப்பிட்டு அறியலாம். ஒன்று பாலிகார்பனேட். இதனை 1953ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல் என்பவரும், அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸ் என்பவரும் தனித்தனியே கண்டுபிடித்தனர். மற்றொன்று பீக் எனப்படுவது. 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதன்முதல் ஆக்கப்பட்டது. பாலிகார்பனேட்டின் கண்ணாடி எல்லை 147 டிகிரி. பீக்கின் எல்லை 143. எண்ணளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் 160 டிகிரியில் பாலிகார்பனேட் தளர்ந்து தன் வடிவையே இழந்துவிடும். பீக்கோ பளிங்குடையதாதலால் 343 டிகிரியில் உருகும் வரை வடிவம் காக்கும். ஆறு பக்க வளையங்களாக அமைந்த கரியணுக் கூட்டங்கள் அதன் சங்கிலியிற் கோக்கப்பட்டிருப்பதால், சங்கிலியும் எளிதில் முறுகாத விறைப்புடையது.

ஆனால், வடிவம் காப்பது வேறு, பாரம் தாங்குவது வேறு என்பதை மறத்தலாகாது. பொறியாளர் இதனை அறிய ஒரு சோதனை செய்வர். பிளாஸ்டிக் சட்டம் ஒன்றை இரு முனைகளிலும் தாங்கி, நடுவே குறித்த பாரத்தை ஏற்றி, எண்ணெய்த் தொட்டியில் அமிழ்த்தி, நிமிஷத்திற்கு 2 டிகிரி வீதம் உஷ்ணத்தை உயர்த்துவர். சட்டம் குறித்த அளவு தொய்யும் உஷ்ண நிலையைக் குறித்துக் கொள்வர். கலப்பில்லாத பீக் இச்சோதனையில் 155 டிகிரி அளவிலேயே தொய்ந்து விடுகின்றது. அதாவது, கண்ணாடி எல்லையைக் கடந்த சிறிது நேரத்திற்குள். அதே பீக்கில் நூற்றுக்கு 30 பங்கு கண்ணாடி நாரைக் கலந்து செய்த சட்டம் 300 டிகிரிக்கு மேலும் தாங்குகின்றது. களிமண் சுவருக்கு வைக்கோல் செய்யும் உதவியை இங்குக் கண்ணாடி நார் செய்கின்றது. மண்ணும் வைக்கோலும் தனித்தனியே மெலியன, சேர்ந்தவிடத்து வலியன.

அங்ஙனமாயின், 300 டிகிரி தாங்கும் என்று கண்ட பொருளை 300 டிகிரியில் ஆண்டுக்கணக்காக வைத்துப் பயன்படுத்தலாமோ? ஆகாது. முற்கூறிய சோதனை சில மணி நேரத்திற்குள் முடிவது. நீண்ட நாள் உழைப்பில் மற்றொரு பகை உள்ளிருந்து வேலை செய்கின்றது. காற்றிலுள்ள பிராணவாயு சூட்டின் உதவியால் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கின்றது. ரசாயன மாற்றங்களின் வேகம், 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது ஒரு பொதுக் கணக்கு. எனவே 20 டிகிரி அதிகச் சூட்டில் வேலை வாங்கினால், பொருளின் ஆயுள் காற்பங்காகக் குறைதல் கூடும். பீக்கை இடைவிடாது பயன்படுத்தற்குரிய உயர்ந்த அளவு ஏறத்தாழ 250 டிகிரி என்று வைத்திருப்பது இது பற்றியே. ஒரு பிளாஸ்டிக் எத்தனை டிகிரி தாங்கும் என்று கேட்பவனிடம், எவ்வளவு பாரத்தோடு, எத்தனை காலம் என்று திருப்பிக் கேட்பதே அறிவுடைமை.

இனி, டெஃப்லான் என்று மக்கள் அறிந்த பொருளின் வரலாறு சுவையுடையது. 1938ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆம் தேதி, அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்னும் இளம் ரசாயன அறிஞர் ஓர் உருளையின் வாயைத் திறந்தார். குளிர்சாதனப் பெட்டிக்கு உதவும் புதிய வாயு ஒன்றைத் தேடுவதற்காக, வேறொரு வாயு அதனுள் அடைத்து வைக்கப்பட்டிருந்தது. திறந்தபோது வாயு வரவில்லை. உருளையின் எடையோ குறையவில்லை. உருளையை அறுத்துப் பார்த்தபோது, உள்ளே வழவழப்பான வெண்ணிறத் தூள் படிந்திருந்தது. வாயுவின் மூலக்கூறுகள் தாமே கைகோத்துச் சங்கிலிகளாகிவிட்டன! கரியணுச் சங்கிலியைச் சுற்றிலும் ஃபுளோரின் அணுக்கள் கவசம்போல் நெருங்கி நிற்கும் அப்பொருளை அமிலமும் காரமும் தீண்டுவதில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, அணுகுண்டுத் தொழிலில் யுரேனியத்தைப் பிரித்தற்குரிய கொடிய வாயுவை அடக்கும் குழாய் மூட்டுகளுக்கு இதுவே உதவியது.

டெஃப்லானின் பளிங்கு 327 டிகிரியில் உருகும். உருகிய பின்னும் அதன் சங்கிலிகள் மிக நீளமானவையாதலால் தண்ணீர்போல் ஓடாது. கூழ்போல் அசையாது நிற்கும். 260 டிகிரி வரை அதனை நெடுங்காலம் பயன்படுத்தலாம். மறுபுறம், பூஜ்யத்திற்குக் கீழ் 200 டிகிரிக் குளிரிலும் அது முற்றும் நொறுங்கிப் போவதில்லை. இத்துணைச் சிறப்புடைய பொருளுக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. அது மிருதுவானது, பாரத்தின்கீழ் நெடுநேரம் வைத்தால், சூடு இல்லாமலேயே மெல்லப் பிதுங்கி ஒதுங்கும். மேலும், 19 டிகிரியை ஒட்டி அதன் பளிங்கின் அமைப்பு மாறுவதால், கன அளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு மாறுகின்றது. குளிர்ந்த காலையில் நுட்பமாக அளந்து கடைந்த டெஃப்லான் வளையம் நண்பகலில் அளவு மாறியிருத்தல் இதனால்தான். தொழிற்சாலையில் இதனை அறியாதவன் தன் அளவுகோலையே ஐயுறுவான்.

இல்லறத்தார் அறிய வேண்டுவதும் ஒன்று உண்டு. டெஃப்லான் பூசிய தோசைக்கல் சமையலின் சாதாரணச் சூட்டில் தீங்கற்றது. ஆனால் வெறுங்கல்லைக் கொழுந்து விட்டெரியும் அடுப்பின்மேல் வைத்து மறந்துவிடின், சில நிமிஷங்களிலேயே அதன் சூடு எல்லை கடக்கும். அப்பொழுது முன்னர்க் கூறிய வலிய பிணைப்புகளே அறுந்து, நச்சுப்புகை எழும். அது மனிதர்க்குக் காய்ச்சல் போன்ற நோயைத் தரும். கூண்டிலுள்ள கிளி முதலிய பறவைகளையோ கொன்றே விடும். எப்பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நிற்க. இதுகாறும் வெம்மையைப் பற்றிக் கூறினோம். இனித் தண்மையை நோக்குவோம். காற்றை மிகவும் குளிரச் செய்தால் அது திரவமாகும். திரவப் பிராணவாயுவின் கொதிநிலை பூஜ்யத்திற்குக் கீழ் 183 டிகிரி. திரவ நைட்ரஜனுடையது 196. திரவ ஹைட்ரஜனுடையது 253. திரவ ஹீலியமோ 269. இவை ஆராய்ச்சிச் சாலைக்கு மட்டும் உரியன அல்ல. நம் திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில், திரவ ஹைட்ரஜனையும் திரவப் பிராணவாயுவையும் எரிக்கும் ராக்கெட் எஞ்சின்களைச் சோதித்து வருகின்றனர். இத்தகைய திரவங்களைக் கையாளும் எவ்விடத்தும், குழாய்களின் மூட்டிலும் அடைப்பான்களின் வாயிலும் கசிவைத் தடுக்க மிருதுவான பொருள் ஒன்று வேண்டும். உலோகத்தை உலோகத்தோடு அழுத்தினால் நுண்ணிய இடைவெளி எஞ்சும். சற்றே நசுங்கிப் பொருந்தும் பிளாஸ்டிக்கே அவ்விடைவெளியை நிரப்பவல்லது.

குளிரில் பிளாஸ்டிக்கிற்கு நேரும் இடையூறுகள் இரண்டு. ஒன்று நொறுங்குதல், மற்றொன்று சுருங்குதல். பின்னதை முதலிற் காண்போம். பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். ஆனால் பிளாஸ்டிக்குகள் உலோகங்களைக் காட்டிலும் பன்மடங்கு சுருங்கும். சங்கிலிகளுக்கு இடையேயுள்ள மெலிய பிணைப்பே இதற்கும் காரணம். ஒரு மீட்டர் நீளமுள்ள டெஃப்லான் கோலை அறையின் உஷ்ணத்திலிருந்து திரவ நைட்ரஜனின் குளிருக்குக் கொண்டு சென்றால், அது ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் குறுகும். துருப்பிடியாத எஃகுக் கோலோ 3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே குறுகும். எனவே, அறையிற் கச்சிதமாகப் பொருந்திய டெஃப்லான் வளையம், குளிரில் எஃகுச் சுவரை விட்டு விலகி வழிவிடக் கூடும். இதனைத் தடுக்க, வளையத்தினுள் எஃகு வில் ஒன்றை மறைத்து வைத்து, வளையம் சுருங்கச் சுருங்க அவ்வில் அதனை வெளிப்புறமாகத் தள்ளிக் கொண்டேயிருக்குமாறு அமைப்பர். பிளாஸ்டிக் இழந்த நெகிழ்ச்சியை எஃகு ஈடு செய்கின்றது.

நொறுங்குதலைப் பற்றி ஒரு புதுமை உண்டு. கண்ணாடி எல்லைக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக்குகள் யாவும் நொறுங்க வேண்டும் என்று நாம் எண்ணலாம். பாலிஸ்டைரீன் அவ்வாறே நொறுங்குகின்றது. ஆனால், தன் எல்லைக்கு நூறு டிகிரிக்கும் மேலாகக் கீழே இருக்கும்போதும் பாலிகார்பனேட் சம்மட்டி அடியைத் தாங்குகின்றது. சந்திரனில் நடந்த அப்போலோ வீரர்களின் தலையை மூடிய ஒளி ஊடுருவும் கவசம் பாலிகார்பனேட்டால் ஆயதே. சங்கிலி முழுதும் உறைந்துவிட்ட பின்னும், அதன் சிறு உறுப்புகள் நின்றவிடத்திலேயே தலையசைத்துக் கொண்டிருத்தல் இதற்குக் காரணம் என்பர். அச்சிறு அசைவே அடியின் வேகத்தை வாங்கி ஆற்றி விடுகின்றது. பூஜ்யத்திற்குக் கீழ் 100 டிகிரி அளவில் அதுவும் அடங்கிப் போகும்.

இருவகைக் கொடுமையையும் ஒருங்கே தாங்கும் பொருள்களுள் பாலிஇமைடு என்பது தலையாயது. காப்டான் என்னும் பெயருடன் 1960ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அதன் மெல்லிய தாள், திரவ ஹீலியத்தின் குளிரிலும் வளையும். 400 டிகிரியிலும் சிறிது காலம் தாங்கும். அதற்கு உருகுநிலை என்பதே இல்லை. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி விண்ணிற் செலுத்தப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று வானத்தை ஆராய்கின்றது. சூரியனின் சூடு அதன் கண்ணாடிகளைத் தீண்டாதிருக்க, டென்னிஸ் ஆடுகளம் போன்ற அகலமுள்ள ஐந்தடுக்குக் குடை ஒன்று விரிக்கப்பட்டுள்ளது. அலுமினியம் பூசிய காப்டானே அக்குடையின் துணி. சூரியனை நோக்கிய முதல் அடுக்கின் கனம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஏனைய அடுக்குகள் அதிலும் பாதி. குடையின் ஒரு புறத்தில் ஏறத்தாழ 85 டிகிரி வெம்மை. மறுபுறத்தில் பூஜ்யத்திற்குக் கீழ் 233 டிகிரித் தண்மை. சில முழத் தூரத்திற்குள் முந்நூறு டிகிரிக்கும் மேற்பட்ட வேற்றுமை! நாம் இகழ்ந்து எறியும் வாளியின் உறவினன் அங்கே காவல் நிற்கின்றான்.

உஷ்ணத்தோடு கூடி வேலை செய்யும் மற்றொரு காரணி ஈரம். 1935ஆம் ஆண்டில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் ஆக்கிய நைலான் இதற்குத் தக்க உதாரணம். நைலான் தண்ணீரைக் குடிக்கும். ஒரு வகை நைலான் தன் எடையில் நூற்றுக்கு 8 பங்கு வரை குடிப்பதுண்டு. உட்சென்ற தண்ணீர் சங்கிலிகளின் இடையே புகுந்து அவற்றின் ஒட்டுறவைத் தளர்த்துகின்றது. அதனால் கண்ணாடி எல்லை பல டிகிரி இறங்கிவிடும். புதிதாக வார்த்த, ஈரமற்ற நைலான் பற்சக்கரம் அடிபட்டால் எளிதில் முறியும். சில நாள் ஈரம் ஏறிய பின்னர் அதுவே நெகிழ்ந்து அடியைத் தாங்கும். ஆனால், அப்பொழுது அது சிறிது பருத்தும், விறைப்புக் குறைந்தும் இருக்கும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டும் என்னும் உலக நியதி இங்கும் காணப்படுகின்றது.

இனி, முன்னர் வாக்களித்தவாறு ஒரு துயர நிகழ்ச்சியைக் கூறுவோம். அதற்கு முன் மற்றொரு தத்துவத்தை அறிந்துகொள்ளல் வேண்டும். சற்று ஆறிய வெல்லப்பாகை மெல்ல இழுத்தால் நீளும். அதே பாகை அதே சூட்டில் வெடுக்கென்று இழுத்தால் அறும். சங்கிலிகள் நெளிந்து இடம் மாறுவதற்குக் கால அவகாசம் வேண்டும். குளிர மிகுமிடத்து அவ்வவகாசம் நீளும். ஆதலால், விரைந்து செய்யவேண்டிய வேலைக்கு, குளிர்ந்த பிளாஸ்டிக்கும் ரப்பரும் உறைவதற்கு வெகு முன்னரே உதவாதனவாகி விடுகின்றன. கண்ணாடி எல்லை என்பது செங்குத்தான சுவர் அன்று. நெடுந்தூரம் சரிந்து வரும் ஒரு மேட்டின் அடிவாரமே அது.

1986ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28ஆம் தேதி காலை, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணத்திலிருந்து சாலஞ்சர் என்னும் விண்கலம் எழும்பியது. கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை உட்பட எழுவர் அதில் இருந்தனர். எழும்பிய 73 விநாடிகளில் அது சிதறியது, எழுவரும் மாண்டனர். விண்கலத்தை உந்திச் செல்லும் பக்க ராக்கெட்டுகள் பல துண்டுகளாகச் செய்து பொருத்தப்பட்டவை. பொருத்துகளிற் சூடான வாயு கசியாதவாறு, வைட்டான் என்னும் ஃபுளோரின் ரப்பராலான வளையங்கள் இடப்பட்டிருந்தன. அவ்வளையத்தின் தடிப்பு சுமார் 7 மில்லிமீட்டர். ராக்கெட் பற்றியவுடன், உள்ளழுத்தத்தால் பொருத்து ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் சிறிது விரியும். வளையம் உடனே விரிந்து அவ்விடைவெளியை அடைத்தல் வேண்டும். அன்றிரவு குளிர் பூஜ்யத்திற்கும் கீழே சென்றிருந்தது; எழும்பிய வேளையிலும் காற்றின் உஷ்ணம் 2 டிகிரி அளவே.

வைட்டான் வெம்மைக்குப் பெயர்பெற்ற பொருள். 200 டிகிரியிலும் உழைப்பது. அதன் கண்ணாடி எல்லையோ பூஜ்யத்திற்குக் கீழ் ஏறத்தாழ 20 டிகிரி. அட்டவணையை மட்டும் நோக்கினால், 2 டிகிரி என்பது எல்லைக்கு வெகு மேலே உளது. வளையம் அன்று உறைந்து நொறுங்கவில்லை; மந்தமாயிற்று, அவ்வளவே. விரியவேண்டிய கணத்தில் அது விரியவில்லை. அம்மந்தமே தீக்கு வழிவிட்டது. ராக்கெட்டைச் செய்த கம்பெனியின் பொறியாளர்கள் முந்தின இரவே இவ்வபாயத்தை எடுத்துரைத்து, 12 டிகிரிக்குக் குறைந்த குளிரில் கலத்தைச் செலுத்த வேண்டாம் என்று தடுத்தனர். ஆனால் மேலாளர்கள் அச்சொல்லைப் புறக்கணித்து விட்டனர். பின்னர் நடந்த விசாரணையில், நோபல் பரிசு பெற்ற பௌதிக அறிஞரான ரிச்சர்டு ஃபைன்மன், அவ்வகை ரப்பர்த் துண்டு ஒன்றை இடுக்கியால் நசுக்கி, தம்முன் இருந்த பனிக்கட்டித் தண்ணீரில் அமிழ்த்தினார். எடுத்து இடுக்கியைத் தளர்த்தியபோது, அத்துண்டு சில விநாடி வரை பழைய வடிவிற்குத் திரும்பவில்லை. ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டு அவர் காட்டியதை உலகம் முழுதும் கண்டு உணர்ந்தது.

இதனால் நாம் பெறும் பாடம் யாது? வைட்டானைத் தீய பொருள் என்று தூற்றுதல் பேதைமை. அது தன் இயல்பை ஒளிக்கவில்லை. இன்ன உஷ்ணத்தில் இன்னவாறு நடப்பேன் என்று சோதனைச் சாலையில் முன்னரே சொல்லியிருந்தது. சொன்னதைக் கேட்டவரும் இருந்தனர்; அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. யந்திரத்திற்குப் பிளாஸ்டிக்கையோ ரப்பரையோ தெரிந்தெடுப்பவர் நான்கு வினாக்களை விடாது கேட்டல் வேண்டும். அது காணப்போகும் மிக்க வெம்மையும் மிக்க தண்மையும் எவை? அங்கே அதன்மேல் ஏறும் பாரம் எவ்வளவு? அப்பாரம் ஏறுவது ஒரு கணத்திலா, ஓர் ஆண்டிலா? அதனைச் சூழ்ந்திருப்பது காற்றா, தண்ணீரா, வேறு வாயுவா? இவற்றுள் ஒன்றைக் கேளாது விட்டாலும், மற்ற மூன்றின் விடைகள் நம்மை ஏமாற்றக் கூடும்.

பொறியியல் பயிலப் போகும் மாணவ நண்பர்கள் நாளை பல அட்டவணைகளைப் புரட்டுவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அது பொருளின் குணம் முழுவதையும் கூறுவது போலத் தோன்றும். அவ்வெண்ணின் பின்னே இடையறாது நெளியும் கோடானு கோடிச் சங்கிலிகளையும், அவை நெளிய வேண்டும் அவகாசத்தையும் மனக்கண்ணாற் காண்பவரே பொருளை அறிந்தவராவர். அத்தகையோர் ஒருவர் எழுந்து "இன்று வேண்டாம், குளிர் மிகுதி" என்று சொல்லும்போது, செவி சாய்க்கும் பொறுமை ஏனையோர்க்கும் வாய்த்தல் வேண்டும்.